வெட்டுக்காயப் பூண்டிலிருந்து களிம்பு வரை: புண் ஆற்றும் மூலிகைப் பூச்சை உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

களை பறிக்கும்போது அரிவாள் விரலில் பட்டுவிட்டால், வரப்போரம் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிந்துவிட்டு வேலையைத் தொடர்வது நம் ஊர்களில் சாதாரணம். இரத்தம் நிற்கும், சில நாளில் காயமும் ஆறும். இதைப் பார்த்து வளர்ந்த பலருக்கும், இந்த இலையை ஒரு நல்ல களிம்பாக்கி எல்லோருக்கும் கொடுக்கலாமே என்று ஒருமுறையாவது தோன்றியிருக்கும். மருந்தியல் மாணவர்கள், சித்த மருத்துவப் பட்டதாரிகள், சிறு தொழில் தொடங்க நினைப்பவர்கள் என்று பலர் என்னிடம் இதே ஆசையோடு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

தொடங்குமுன் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உடம்பு நலமாக இருந்தால், சிறு காயம் எதுவும் பூசாமலே ஆறும். ஆகவே பூசினோம், ஆறிவிட்டது என்பது எதற்கும் சான்று ஆகாது. ஆற்றியது இலையா, இலையைக் குழைத்த எண்ணெயா, காயத்தைக் கழுவிய தண்ணீரா, உடம்பேயா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

படி 1: எந்தப் புண்ணுக்கு மருந்து?

எல்லாப் புண்ணுக்கும் ஏற்ற களிம்பு என்று தொடங்கினால் முதல் நாளே வழி தவறிவிடும். புண் ஆறுவதில் நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் இரத்தம் உறைந்து நிற்கும். பிறகு அழற்சி: வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த திசுவையும் அகற்றும். மூன்றாவதாகப் புதிய இரத்த நாளங்களும் தோலுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரதமும் சேர்ந்து சிவந்த புதுத் தசை வளரும், ஓரங்களிலிருந்து மேல்தோல் ஊர்ந்து வந்து மூடும். கடைசியாக மாதக்கணக்கில் தழும்பு இறுகிச் சீராகும். அப்படி ஆறிய தோலுக்கு ஒருபோதும் பழைய வலு முழுமையாகத் திரும்புவதில்லை. அதிகபட்சம் எண்பது விழுக்காடு அளவுக்கே வரும்.

உங்கள் மூலிகை இவற்றில் எந்தக் கட்டத்துக்கு உதவுகிறது? துவர்ப்புள்ள இலைகள் புரதத்தை உறையவைத்து இரத்தக் கசிவைக் குறைக்கும். இது முதல் கட்டம். வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைடு, ஆசியாட்டிக் அமிலம் போன்றவை கொலாஜன் உருவாவதைத் தூண்டுகின்றன. இது மூன்றாம் கட்டம். நீரிழிவு நோயாளியின் கால்புண் அழற்சிக் கட்டத்திலேயே மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். அதற்கு உதவும் மருந்து புதிய சிராய்ப்புக்குப் பயன்படாமல் போகலாம், மறுதலையும் உண்டு.

முதல் முயற்சிக்கு, கிருமி பரவாத, ஆழமில்லாத சிராய்ப்பு, கீறல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும்படி சொல்வேன். தீக்காயமும் நீரிழிவுப் புண்ணும் அனுபவமுள்ள மருத்துவர் குழு உடனிருக்கும்போது எடுக்க வேண்டியவை.

படி 2: செடி எது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது

வெட்டுக்காயப் பூண்டுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். தாத்தாப்பூ, கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப்பூ என்றெல்லாம் சொல்வார்கள். அதே பெயரை வேறு செடிக்கு வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. தாவரவியல் பெயர் டிரைடாக்ஸ் புரொகம்பென்ஸ். தரையோடு படரும் தண்டு, எதிரெதிரான, மயிரடர்ந்த, பல் விளிம்பு இலைகள், நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நடுவும் வெளிறிய இதழ்களும் கொண்ட ஒற்றைப் பூ. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே களையாகப் பரவியது. வந்த செடிக்கு நம் மக்கள் ஒரு பயனைக் கண்டறிந்து, அந்தப் பயனையே அதற்குப் பெயராகவும் வைத்துவிட்டார்கள். கண்முன் வளர்வதை உற்றுப் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பூவும் வேரும் உள்ள முழுச் செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டுங்கள். பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர் எழுதி, ஒரு தாவரவியலாளரிடம் அடையாளச் சான்று பெறுங்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்தில் இதைச் செய்துகொள்ளலாம். அந்த மாதிரிக்கு ஓர் எண் கிடைக்கும். பின்னால் வரும் ஆய்வேடு, உரிம விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் வேர்.

நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த மூட்டை வாங்கித் தொடங்காதீர்கள். ஒருமுறை நேரமில்லாமல் அப்படி வாங்கினேன். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் வேறொரு செடியின் தண்டு. மூன்று வார வேலையை அப்படியே ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று.

படி 3: பழைய அறிவையும் அதன் உரிமையையும் தேடுதல்

1995இல் அமெரிக்காவில் மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மஞ்சள்தான். இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஆய்வேடுகளையும் திரட்டி எதிர்த்து வாதிட்டது. 1997இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. மரபு அறிவுக்கான மின்னணு நூலகம் உருவானதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு செய்திகள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி மரபு அறிவை அப்படியே எடுத்துக் காப்புரிமை கேட்க முடியாது; சும்மா இரண்டு பொருளைக் கலந்ததற்கும் கிடைக்காது. புதிய பிரித்தெடுப்பு முறை, எதிர்பாராத கூட்டு விளைவு போன்றவற்றுக்கு வாய்ப்பு உண்டு. அடுத்து, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம். வணிகத்துக்காகத் தாவர வளத்தை எடுக்கும் இந்திய நிறுவனம் மாநில உயிரியல் பன்மய வாரியத்துடன் பேச வேண்டும். அந்த வளத்தை வைத்துக் காப்புரிமை கேட்பதென்றால் சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தையும் அணுக வேண்டும். 2023இல் சட்டம் திருத்தப்பட்டுச் சில விலக்குகள் வந்திருப்பதால், உங்கள் நிலை எதில் அடங்கும் என்று தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

படி 4: பறித்தல், உலர்த்துதல், சாரம் இறக்குதல்

சாலையோரம், பூச்சிமருந்து அடித்த வயல், சாக்கடைக் கரை ஆகிய இடங்களில் பறிக்காதீர்கள். பூக்கும் பருவத்தில், பனி காய்ந்த பிறகு பறியுங்கள். ஓடும் நீரில் மண் போகக் கழுவுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லப் பரப்பி, ஒடித்தால் நொறுங்கும் பதம்வரை உலர்த்துங்கள். உலர் அடுப்பு இருந்தால் 40 பாகை செல்சியசுக்கு மேல் போக வேண்டாம்.

கரடுமுரடாகப் பொடித்த இலை 100 கிராம் எடுத்து, எழுபது விழுக்காடு எத்தனால் ஒரு லிட்டரில் ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கி, மூன்று நாள் கழித்து வடிகட்டுங்கள். சக்கையில் மீண்டும் கரைப்பான் ஊற்றி இன்னும் இரண்டு முறை எடுக்கலாம். எல்லா வடிநீரையும் சேர்த்து, குறைந்த அழுத்தத்தில் எத்தனாலை ஆவியாக்கினால் பசை போன்ற சாரம் கிடைக்கும். நீரும் எத்தனாலும் கலந்த கரைப்பான் ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்களையும் துவர்ப்பு தரும் டானின்களையும் ஒருசேர இறக்கும். ஹெக்சேன், குளோரோஃபார்ம் போன்றவை ஆய்வுக்குச் சரி; புண்ணில் பூசும் பொருளில் அவற்றின் எச்சம் இருந்தால் வேறு தலைவலி.

கிடைத்த சாரத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பொடியில் 12 கிராம் சாரம் வந்தால், ஒரு கிராம் சாரம் ஏறக்குறைய எட்டு கிராம் உலர் இலைக்குச் சமம். இந்தக் கணக்கு இல்லாமல், ஐந்து விழுக்காடு களிம்பு என்று எழுதுவதில் பொருளே இல்லை.

படி 5: ஒவ்வொரு முறையும் ஒரே சாரமா?

ஆடியில் பறித்த இலையும் தையில் பறித்த இலையும் ஒன்றாக இருக்காது. ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் கைரேகை எடுப்பதுபோல, சாரத்தின் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகை எடுத்து வைக்க வேண்டும். கூடவே ஓர் அடையாளச் சேர்மத்தைத் தேர்ந்து அதன் அளவைக் கணக்கிட வேண்டும். வெட்டுக்காயப் பூண்டுக்கு லூட்டியோலின், வல்லாரைக்கு ஆசியாட்டிகோசைடு, மஞ்சளுக்குக் குர்குமின் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிராம் சாரத்தில் இத்தனை மில்லிகிராம் குறையாமல் இருந்தால்தான் அந்தத் தொகுதி களிம்புக்குப் போகும் என்று நீங்களே எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்.

கன உலோகங்களுக்கு எல்லை சட்டத்தில் உண்டு: ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. பூச்சிக்கொல்லி எச்சம், பூஞ்சை நச்சு ஆகியவற்றையும் ஒரு நல்ல ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள்.

படி 6: கிருமித் தட்டும் செல் வளர்ப்பும்

எல்லோரும் முதலில் செய்வது கிருமி வளர்க்கும் அகார் தட்டில் குழி வெட்டிச் சாரத்தை ஊற்றி, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பது. ஆர்வத்துக்குச் சரி. வட்டத்தின் அளவு சாரம் அகாரில் எவ்வளவு ஊடுருவுகிறது என்பதையும் பொறுத்தது என்பதால், கிருமியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைத்தான் நம்ப வேண்டும். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இரண்டு புண் கிருமிகளிலும் பாருங்கள்.

கிருமியைக் கொல்வது மட்டும் புண்ணை ஆற்றாது. கிருமியைக் கொல்லும் அதே செறிவு கொலாஜனை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களையும் கொன்றால், புண் தாமதமாகத்தான் ஆறும். எனவே அதே செறிவில் தோல் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். இங்கே ஒரு பொறி இருக்கிறது; பலர் விழுவதைப் பார்த்திருக்கிறேன். செல் உயிரை அளக்கும் எம்.டி.டி. சோதனையில் மஞ்சள் சாயம் ஊதாவாக மாறும். மூலிகைச் சாரங்களில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் செல் இல்லாமலேயே அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். செல்லே இல்லாத குழியில் சாரத்தை மட்டும் ஊற்றி ஒரு சோதனை வைக்காவிட்டால், செத்த செல்லையும் உயிருள்ளதாக எண்ணி மகிழ்ந்துவிடுவீர்கள்.

அடுத்தது கீறல் சோதனை. செல்கள் நிறைந்த தட்டில் ஒரு கோடு கிழித்து, எத்தனை மணி நேரத்தில் இடைவெளி மூடுகிறது என்று படம் எடுத்து அளப்பது. செல்கள் நகர்ந்து வந்து மூடினவா, பெருகி மூடினவா என்று தெரிய, செல் பெருக்கத்தை நிறுத்தும் மைட்டோமைசின் சேர்த்தும் ஒருமுறை செய்யுங்கள்.

படி 7: தாங்குபொருள், பாதி மருந்து இதில்தான்

தாங்குபொருள் என்பது சாரத்தைக் குழைக்கும் களிம்பு அல்லது ஜெல் தளம். மூலிகைக்காரர்கள் அதிகம் அலட்சியம் செய்யும் படி இது. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோல் காயங்களில் காட்டினார்: ஈரம் காக்கப்பட்ட காயத்தில், காய்ந்து பொருக்குக் கட்டிய காயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியது. அதாவது வெறும் வாசலின் பூசினாலே புண் நன்றாக ஆறும். நம் ஊரில் தேங்காயெண்ணெயும் நெய்யும் தேன்மெழுகும் பூசியவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். களிம்பு நன்றாக வேலை செய்கிறது என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது தாங்குபொருளைத்தான்.

தேர்வு புண்ணைப் பொறுத்தது. உலர்ந்த சிராய்ப்புக்கு எண்ணெய்த் தன்மையுள்ள களிம்பு. நீர் கசியும் புண்ணுக்கு, நீரை உறிஞ்சும் பாலிஎதிலீன் கிளைக்கால் களிம்பு: மூலக்கூறு எடை 400 உள்ள திரவ வகை 60 பங்கு, 3350 உள்ள கெட்டி வகை 40 பங்கு. எரிச்சலுள்ள, சூடான தோலுக்குக் குளிர்ச்சி தரும் ஜெல்.

எளிய களிம்புக்கு மருந்து நூல்கள் தரும் அளவு இது: கம்பளிக் கொழுப்பு 5, கெட்டிப் பாரஃபின் 5, செட்டோஸ்டியரில் ஆல்கஹால் 5, வெள்ளை மென்பாரஃபின் 85 பங்கு. எல்லாவற்றையும் வெந்நீர்த் தொட்டியில் உருக்கிக் கலக்குங்கள். 100 கிராம் செய்ய வேண்டுமானால், 5 கிராம் சாரத்தைச் சிறிது திரவப் பாரஃபினில் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, மணல்போல் எதுவும் தட்டுப்படாதவரை அரைத்துக்கொள்ளுங்கள். உருகிய கலவை இளஞ்சூட்டுக்கு வந்ததும் இதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஆறும்வரை நிறுத்தாமல் கிளறுங்கள். கிளறுவதை நடுவில் விட்டால் திப்பி திப்பியாகும்.

ஜெல்லுக்கு, நீரைக் கெட்டியாக்கும் கார்போபால் பொடி ஒரு கிராமை 80 மில்லி தூய நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, சாரத்தை 10 கிராம் புரொபிலீன் கிளைக்காலில் கரைத்துச் சேர்த்து, டிரைஎத்தனாலமைன் என்ற காரத்தைத் துளித்துளியாக விட்டு அமிலத்தன்மையை (pH) தோலுக்கு ஏற்றபடி 5.5 முதல் 6.5 வரை கொண்டுவந்து, பிறகு 100 கிராமுக்கு நீர் சேருங்கள். பதனப்பொருள் கட்டாயம். டானின் மிகுந்த சாரம் கார்போபாலை நீர்த்துப்போகச் செய்யும்; ஜெல் கெட்டியாகாவிட்டால் சாரத்தின் அளவைக் குறையுங்கள்.

எளிமையை இழிவாக எண்ண வேண்டாம். பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டைச் சாரம் பத்துப் பங்கு, சூரியகாந்தி எண்ணெய் தொண்ணூறு பங்கு, இரண்டே பொருள்கள். இந்த ஜெல்லுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் பாதியாழத் தோல் காயங்களுக்கு ஒப்புதல் அளித்தது. பிறகு 2022இல் ஐரோப்பாவும் 2023இல் அமெரிக்காவும், தொட்டாலே தோல் உரியும் பிறவி நோயின் புண்களுக்கும் ஏற்றுக்கொண்டன. இருபது மூலிகை சேர்த்தால் மருந்து வலுப்பெறும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். இருபதையும் தரப்படுத்த உங்களால் முடியாது.

கிருமிநீக்கம் இந்தப் படியின் இன்னொரு பாதி. பெரிய திறந்த புண்ணில் பூசும் களிம்பு முழுக்கக் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும் என்பது மருந்து நூல்களின் விதி. மண்ணில் வில்வாத நோய் (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் இருக்கும். கழுவாத பச்சிலையோடு அவை காயத்துக்குள் போகும். நம் கைவைத்தியத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் ஆழமான காயத்தில் கசக்கிய இலையை வைத்துக் கட்டுவதை எங்கு பார்த்தாலும் தடுத்துவிடுவேன். பாரஃபின் தளத்தை மட்டும் 160 பாகையில் இரண்டு மணி நேரம் உலர் வெப்பத்தில் வைத்து, பிறகு தூய அறையில் சாரத்தைச் சேர்க்கலாம். முடித்த குழாயைக் காமாக் கதிரில் வைப்பதானால், அதற்கு முன்னும் பின்னும் அடையாளச் சேர்மத்தின் அளவைப் பாருங்கள்.

படி 8: விலங்குச் சோதனை

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. ஒப்புதல் கிடைத்தபின் பொதுவாக இரண்டு முறைகள். மயக்கமருந்து கொடுத்து முதுகில் ஏறக்குறைய 500 சதுர மில்லிமீட்டர் தோலை வட்டமாக எடுத்து, அது சுருங்குவதை ஒளிபுகும் தாளில் வரைந்து அளப்பது ஒன்று. நேர்கோட்டில் வெட்டித் தைத்து, பத்தாம் நாள் அது பிரிய எவ்வளவு எடை தேவைப்படுகிறது என்று பார்ப்பது மற்றொன்று. திசுவில் ஹைட்ராக்சிபுரோலின் அளவைப் பார்த்தால் கொலாஜன் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியும்.

குழுக்களில் எதுவும் பூசாதது, வெறும் தாங்குபொருள் பூசியது, பழகிய மருந்து பூசியது, உங்கள் களிம்பு இரண்டு செறிவுகளில் என ஐந்து வேண்டும். வெறும் தாங்குபொருள் குழு இல்லாத ஆய்வை நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை. அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

எலியின் தோலுக்கடியில் ஒரு தசைப் படலம் உண்டு. அதனால் அதன் புண் பெரும்பாலும் சுருங்கித்தான் மூடும். மனிதனின் புண் மேல்தோல் வளர்ந்து மூடுவது அதிகம். எலியில் சுருக்கத்தை விரைவுபடுத்தியது மனிதனில் எதையும் செய்யாமல் போகலாம். புண்ணைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்துச் சுருங்காமல் நிறுத்தும் முறை இப்போது இருக்கிறது. முடிந்தால் அதைச் செய்யுங்கள்.

தோலில் எரிச்சல், ஒவ்வாமை உண்டாகிறதா என்பதற்குச் செயற்கை மேல்தோல் மாதிரிகளில் செய்யும் சோதனைகள் வந்துவிட்டன. வெட்டுக்காயப் பூண்டுக்கு இது கூடுதல் முக்கியம்: பார்த்தீனியமும் இதே குடும்பம். பார்த்தீனியத்தால் தோல் தடித்து அரிக்கும் உழவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு இந்தச் செடியும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்புண்டு.

படி 9: அலமாரியில் தாங்குமா?

40 பாகை வெப்பம், எழுபத்தைந்து விழுக்காடு ஈரப்பதம், ஆறு மாதம். இதுதான் விரைவுபடுத்திய சோதனை. நிறம், மணம், எண்ணெய் பிரிதல், அமிலத்தன்மை, அடையாளச் சேர்மம், கிருமி எண்ணிக்கை ஆகியவற்றை மாதாமாதம் குறியுங்கள். விற்கப் போகும் அதே குழாயில் வைத்துச் சோதியுங்கள். கண்ணாடிப் புட்டியில் நன்றாக இருந்தது அலுமினியக் குழாயில் கறுத்துப்போகலாம். வேலூர் வெயிலில் ஒரு மருந்துக் கடையின் மேல்தட்டில் சித்திரை முழுக்க உட்கார்ந்திருக்கப் போகிற குழாய் அது.

படி 10: உரிமமும் மனிதரில் சோதனையும்

இந்தியாவில் மூன்று வழிகள். மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பழைய நூல்களில் சொன்ன முறையிலேயே செய்யும் மருந்து முதல் வழி. ஊமத்தை இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் அப்படிப்பட்டது. ஆறாத புண்களுக்குச் சித்த மருத்துவர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். அந்த நூல்களில் உள்ள பொருள்களை வைத்து நீங்களே வகுத்த கலவை இரண்டாம் வழி. இதற்கு 158பி விதி கேட்கும் சான்றுகளோடு மாநில உரிம அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். தாவரச் சாரத்தைத் தூய்மையாக்கி, குறைந்தது நான்கு சேர்மங்களை அளந்து காட்டி, நவீன மருந்துபோலவே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போவது மூன்றாம் வழி. 2015 முதல் இருக்கிறது. செலவும் காலமும் மிகுதி. ஆனால் நவீன மருந்துக்கு நிகரான சான்று வேண்டுமென்றால் இதுதான். இரண்டாம் வழியில் போவதானால், உங்கள் செடி அந்த நூல்களில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று சித்த மருத்துவ நூல்களில் பழகிய ஒருவருடன் உட்கார்ந்து சரிபாருங்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் அத்தகையவர்கள் கிடைப்பார்கள்.

மனிதரில் சோதிக்குமுன் நெறிமுறைக் குழு ஒப்புதலும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். பாதிப் பேருக்குக் களிம்பு, பாதிப் பேருக்குத் தாங்குபொருள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் தற்செயல் தீர்மானிக்க வேண்டும். கழுவுதல், கட்டுப்போடுதல் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூலிகையின் பச்சை நிறமும் மணமும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தாங்குபொருளுக்கும் தீங்கற்ற நிறமும் மணமும் ஊட்டுங்கள். ஆறியது என்றால் என்ன என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: தோல் முழுக்க மூடி, கசிவு நின்று, கட்டு தேவைப்படாத நிலை, இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருப்பது. குறைந்தது போலிருக்கிறது என்பதை அளவாகக் கொள்ளாதீர்கள்.

கடைசியாக, குழாயோடு வைக்கும் துண்டுச்சீட்டு. நீரிழிவு போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; அந்தப் பக்கமே போகாதீர்கள். எதற்குப் பூச வேண்டும் என்பதைவிட எதற்குப் பூசக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்: ஆழமான வெட்டு, துருப்பிடித்த ஆணி குத்தியது, விலங்குக் கடி, காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளியின் புண், சிவந்து சூடேறிச் சீழ் வைத்த புண். இவற்றுக்கு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, வில்வாத நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லி எழுதுங்கள். பூசிய இடம் அரித்தாலோ தடித்தாலோ உங்களுக்குத் தெரிவிக்க ஒரு தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்க ஆள் வைத்த பிறகு முதல் குழாயை விற்பனைக்கு அனுப்புங்கள்.